செப்டம்பர் மழையும் தில்லியின் நாட்காட்டியும்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி, செப்டம்பர் மாதத்துக்கான மழைக் கணிப்பை இந்திய வானிலைத் துறை தில்லியில் வெளியிட்டது. நாடு முழுமைக்குமான மழையளவு, நீண்டகாலச் சராசரியான 167.9 மில்லிமீட்டரில் 109 சதவீதத்தைத் தாண்டும் என்பது அதன் சாரம். அதே நாளில் பஞ்சாபின் குருதாஸ்பூர், கபூர்தலா, ஃபாஸில்கா மாவட்டங்களில் கதிர் பிடிக்கும் பருவத்து நெற்பயிர் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அடுத்த மூன்று நாள்களில், மாநிலத்தின் 23 மாவட்டங்களும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவை என்று பஞ்சாப் அரசு அறிவித்தது. 1988-க்குப் பிறகு அம்மாநிலம் கண்ட மிகப்பெரிய வெள்ளம் அது. ஒன்றே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான பயிர் அழிந்தது.

வானிலைத் துறையைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உத்தரகண்டில் நிலச்சரிவு நேரலாம், மலையில் பெய்யும் மழை ஆறுகளின் வழியே இறங்கி தில்லியையும் தெற்கு ஹரியாணாவையும் வடக்கு ராஜஸ்தானையும் பாதிக்கலாம் என்று அன்றைய தினமே அத்துறை எச்சரித்தது. நான்கு நாள்கள் கழித்து, செப்டம்பர் 4-ஆம் தேதி, தில்லி பழைய ரயில் பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 207.48 மீட்டரை எட்டியது. அபாய அளவு 205.33 மீட்டர். கணிப்பில் பெரிய பிழை எதுவும் இல்லை. அந்தக் கணிப்பைக் கையில் வாங்கிக்கொண்ட அரசுகள் அதை என்ன செய்தன என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 109 சதவீதத்தைச் சற்றே விளக்க வேண்டும். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதை ஒரு மதிப்பீட்டைப் போல வெளியிடுகின்றன. உண்மையில் அது ஒரு வேலிக்கோடு. செப்டம்பர் மாத மழை, சராசரியில் 91 முதல் 109 சதவீதத்துக்குள் இருந்தால் அதை "இயல்பு" என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. 109-ஐத் தாண்டினால் "இயல்பைவிட அதிகம்". அந்த மேல் வகையில் மழை விழும் வாய்ப்பே அதிகம் என்பதுதான் கணிப்பு சொல்லும் செய்தி. அதுவும் கேரளம் முதல் அசாம் வரை எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிய சராசரி. லூதியாணாவில் அறுவடைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இந்தச் சராசரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கடைசி மழை என்று பெய்யும்?

தமிழர்களுக்கு இந்தக் கவலை எளிதில் புரியாது. நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை பிறக்கும் மாதம். வட இந்தியச் சமவெளியில் அதே ஐப்பசி, வானம் வெளுத்துக் காற்று உலர்ந்து, நெல் களத்துக்கு வரும் மாதம். சரத் காலம் என்று அவர்கள் போற்றுவது இதைத்தான். புரட்டாசியிலேயே மழை ஓய்ந்துவிட வேண்டும் என்பது அங்குள்ள உழவின் எதிர்பார்ப்பு. அண்மைக் காலமாக அந்த எதிர்பார்ப்பு பொய்த்துக்கொண்டே வருகிறது.

மேற்கு ராஜஸ்தானிலிருந்து தென்மேற்குப் பருவமழை விடைபெறத் தொடங்கும் இயல்பான நாள், நெடுங்காலமாக செப்டம்பர் 1 என்றே வானிலைத் துறையின் பதிவேட்டில் இருந்தது. 2020-ஆம் ஆண்டில் அதை செப்டம்பர் 17 என்று மாற்றினார்கள். பதினாறு நாள்கள் என்பது சிறிய திருத்தமல்ல. தொடர்ந்து ஐந்து நாள்கள் மழையின்மை, வளிமண்டலத்தின் கீழடுக்கில் எதிர்ச்சுழற்சிக் காற்று, காற்றில் ஈரப்பதம் குறைதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பருவமழை விலகியதாகக் கொள்வார்கள். 2019-இல் இந்த மூன்றும் கூடிவர அக்டோபர் 9 ஆயிற்று. 2021-இல் அக்டோபர் 6. அதற்கு நேர்மாறாக, 2025-இல் இயல்பான நாளுக்கு மூன்று நாள்கள் முன்னதாகவே, செப்டம்பர் 14-இல், விலகல் தொடங்கிவிட்டது. ஆயினும் அக்டோபர் முதல் வாரத்தில் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றழுத்தச் சலனம் மேற்கிலிருந்து நுழைந்து பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் மீண்டும் மழையைக் கொட்டியது. தில்லியிலோ விஜயதசமியன்றே ராவணன் பொம்மைகள் எரிவதற்கு முன் நனைந்தன. பருவமழை போய்விட்டது என்று அறிவித்த பின் பெய்யும் மழைக்குப் பஞ்சாங்கத்தில் பெயரில்லை. நனைந்த நெல்லுக்கு அது எந்த மழை என்ற வேறுபாடும் இல்லை.

வானிலைத் துறை தன் நாட்காட்டியைத் திருத்திக்கொண்டது. அரசின் மற்ற நாட்காட்டிகள் பழைய தேதிகளிலேயே நிற்கின்றன. வட இந்தியச் சமவெளியின் இலையுதிர்காலத் தொடக்கம் ஆண்டுதோறும் அரசியல் சண்டையாக மாறுவதற்கு இந்த முரண்பாடே மூலகாரணம் என்பது எனது கருத்து.

அணைகளை எடுத்துக்கொள்வோம். சட்லெஜ் நதியின் பக்ரா அணையையும், பியாஸ் நதியின் போங் அணையையும் நிர்வகிப்பது பக்ரா பியாஸ் மேலாண்மை வாரியம். அதன் கணக்கில் மே 21 முதல் செப்டம்பர் 20 வரை அணை நிரப்பும் காலம். செப்டம்பர் 21 முதல் அடுத்த ஆண்டு மே 20 வரை நீரை இறக்கும் காலம். நிரப்பும் காலம் முடியும்போது அணை ததும்ப வேண்டும் என்பதே பொறியாளர்களின் இலக்கு. அது பேராசையல்ல. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களின் கோதுமைப் பயிரும் கோடைகாலக் குடிநீரும் அந்த நீரை நம்பியிருக்கின்றன. ஆனால், ஆகஸ்ட் இறுதியிலேயே அணை நிரம்பிவிட்டால், செப்டம்பரில் இமாசலத்தில் பெய்யும் கனமழையை எங்கே தேக்குவது? 1988-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வந்தது செப்டம்பர் கடைசி வாரத்தில், அதாவது நிரப்பும் காலம் முடிந்த பிறகு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2025-இல் போங் அணையின் நீர்மட்டம் அதன் வரம்பான 1,390 அடியைத் தாண்டிச் சென்றது. பக்ராவும் 1,680 அடி வரம்பை நெருங்கியே நின்றது.

வழக்கம்போல் பழிபோடும் படலம் தொடங்கியது. மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள வாரியம் உரிய காலத்தில் நீரைத் திறக்கவில்லை என்றது பஞ்சாபின் ஆம் ஆத்மி அரசு. அணைகள் இல்லாவிட்டால் சேதம் இன்னும் பெரிதாகியிருக்கும் என்றது வாரியம். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. அதிகச் சேதம் விளைந்த குருதாஸ்பூர், பதான்கோட் பகுதிகளை மூழ்கடித்தது ராவி நதி. ராவியின் குறுக்கே உள்ள ரஞ்சித் சாகர் அணை வாரியத்தினுடையதல்ல. அது பஞ்சாப் அரசின் பொறுப்பில் இருப்பது. அதற்குக் கீழே உள்ள மாதோபூர் தலைமதகின் கதவுகள் ஆகஸ்ட் 27-இல் உடைந்துபோனதற்கும் தில்லியைக் கைகாட்ட முடியாது. அதே வேளையில், அவ்வாண்டு மே மாதம் ஹரியாணாவுக்குக் கூடுதல் நீர் திறக்கும் விவகாரத்தில் நங்கல் அணைக்கட்டில் மாநிலக் காவல்துறையினர் நிறுத்தப்படும் அளவுக்கு நிலைமை முற்றியதையும், வாரியத்தின் நடுநிலை குறித்த சந்தேகத்தைப் போக்க மத்திய அரசு எதுவும் செய்யவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை. மே மாதத்தில் ஒரு சொட்டுக்கும் சண்டை. ஆகஸ்டில் வெள்ளம் யாருடையது என்று சண்டை. இடையில் உள்ள மூன்று மாதங்களில், மழைக் கணிப்பை மேசைமேல் வைத்து, செப்டம்பருக்கென்று அணையில் எவ்வளவு இடம் காலியாக வைப்பது, அதனால் கோதுமைக்கு நீர் குறைந்தால் எந்த மாநிலம் எவ்வளவு இழப்பை ஏற்பது என்று பேசி முடித்திருக்கலாம். அந்த ஏற்பாடு இல்லாதவரை எந்தப் பொறியாளரும் அணையைக் காலியாக வைக்கத் துணியமாட்டார். மழை பெய்யாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லவா?

அடுத்தது மண்டி. பஞ்சாபில் 1,800-க்கும் மேற்பட்ட கொள்முதல் நிலையங்கள் உள்ளன. மத்தியத் தொகுப்புக்கு அங்கிருந்து ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி டன்னுக்கும் அதிகமான நெல் செல்கிறது. அரசு கொள்முதல் செய்ய வேண்டுமானால் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வழக்கமாக அக்டோபர் 1-இல் கொள்முதல் தொடங்கும். 2021-ஆம் ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்திருக்கக்கூடும். செப்டம்பர் இறுதி வரை மழை நீடித்ததால் நெல்லில் ஈரம் அதிகமாக இருப்பதாகக் கூறி, செப்டம்பர் 30-ஆம் தேதி, அதாவது கொள்முதல் தொடங்குவதற்கு முந்தைய நாள், மத்திய அரசு பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் கொள்முதலை அக்டோபர் 11-க்குத் தள்ளிவைத்தது. தில்லியின் எல்லைகளில் வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் பத்து மாதங்களாக அமர்ந்திருந்த காலம் அது. இரு மாநிலங்களிலும் சட்டப்பேரவை உறுப்பினர்களின் வீடுகள் முற்றுகையிடப்பட்டன. இரண்டே நாள்களில் அரசு பணிந்தது. அக்டோபர் 3-இல் கொள்முதல் தொடங்கியது.

இதில் விந்தை என்னவென்றால், நெல்லின் ஈரம் அந்த இரண்டு நாள்களில் குறைந்துவிடவில்லை. அதிகமாக இருக்கிறது என்று அரசு சொன்னதும் பொய்யல்ல. பருவமழை விலக அக்டோபர் ஆகும் என்பது செப்டம்பர் நடுவிலேயே தெரிந்துவிட்ட விஷயம். அப்போதே மாநில அரசுகளையும் விவசாயிகள் சங்கங்களையும் அழைத்து, அறுவடையைச் சில நாள்கள் தள்ளிப்போடுங்கள், அல்லது ஈரப்பத வரம்பை இவ்வளவு தளர்த்துகிறோம், உலர்த்தும் இயந்திரங்களை இத்தனை மண்டிகளில் நிறுத்துகிறோம் என்று சொல்லியிருந்தால் முற்றுகைக்கு அவசியமே நேர்ந்திருக்காது. வண்டியில் ஏற்றிய நெல்லைத் திருப்பிக் கொண்டுபோ என்று முந்தைய நாள் சொன்னால், யாருக்குத்தான் கோபம் வராது?

அந்த 17 சதவீத விதி நமக்கும் பழக்கமானதே. குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால் வரம்பை 22 சதவீதமாக உயர்த்துங்கள் என்று தமிழகம் தில்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு தஞ்சைக்கும் திருவாரூருக்கும் வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். முடிவு வருவதற்குள் நெல் முளைத்துவிடும். சட்லெஜ் கரையில் நடப்பதும் காவிரிக் கரையில் நடப்பதும் ஒரே கதை. மழை பெய்து முடிந்த பிறகே விதி தளரும் என்று ஓர் எழுதாச் சட்டம் தில்லியில் நிலவுகிறது. கணிப்பு வெளியான உடனே தளரக் கூடாதா?

இழப்பீட்டுக் கதை தனி. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியது. பஞ்சாப் அதில் சேரவில்லை. 2025 வெள்ளத்தில் பயிரிழந்த பஞ்சாப் விவசாயிக்குக் காப்பீட்டு நிறுவனம் என்று வாசல் தட்ட ஓர் இடம் இல்லை. பேரிடர் நிதி விதிப்படி ஏக்கருக்கு 6,800 ரூபாய்தான். மாநில அரசு அதை 20,000 ஆக உயர்த்தி அறிவித்தது. மத்திய அரசு தன் பங்குக்கு 1,600 கோடி ரூபாயை அறிவிக்க, மாநிலம் கேட்டதோ 20,000 கோடி. திட்டத்தில் சேர்ந்திருந்தால் மட்டும் பெரிதாகக் கிடைத்திருக்குமா என்றால், அதுவும் ஐயமே. நெல் வயலில் வெள்ளம் தேங்குவதை, தனித்தனி வயலுக்கு இழப்பீடு தரும் பட்டியலிலிருந்து 2018-இல் நீக்கியிருந்தார்கள். 2026 காரிஃப் பருவத்திலிருந்து மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள்.

தலைநகரின் தொலைக்காட்சிகளுக்கு இவை எவையும் செய்தியல்ல. அவை விழித்துக்கொள்வது புகை வரும்போதுதான். நிலத்தடி நீரைக் காக்க வேண்டும் என்பதற்காகப் பஞ்சாபும் ஹரியாணாவும் 2009-இல் சட்டமியற்றி, ஜூன் நடுப்பகுதிக்கு முன் நடவு செய்வதைத் தடுத்தன. நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகிறது. நெல்லை அறுத்துக் கோதுமையை விதைக்க மூன்று வாரங்களே மிஞ்சுகின்றன. வைக்கோல் தாளைக் கொளுத்தினால்தான் வேலை முடியும் என்ற நிலை. அதுவும் காற்றோட்டம் நின்றுபோகும் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும். அதன்மேல் தாமத மழையும் சேர்ந்துகொண்டால் இருக்கும் அவகாசம் மேலும் சுருங்குகிறது. பஞ்சாபில் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை செயற்கைக்கோள் பதிவுசெய்த தீவைப்புகள் 2021-இல் 71,304, 2023-இல் 36,663, 2024-இல் 10,909, 2025-இல் 5,114. மகிழத்தக்க சரிவுதான். எனினும் 2025-இல் வெள்ளத்தில் அழிந்த வயல்களில் எரிக்கத் தாளே இல்லை என்பதையும், செயற்கைக்கோள் கடந்து சென்ற பிறகு மாலையில் கொளுத்தும் வழக்கம் பரவியிருப்பதாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025-இல் நடவை ஜூன் 1-க்கு முன்னுக்குக் கொண்டுவந்தது பஞ்சாப் அரசு. அறுவடை முந்தும் என்றார்கள் ஆதரித்தவர்கள். நிலத்தடி நீர் என்னாவது என்றார்கள் எதிர்த்தவர்கள். 160 நாள் வயதுடைய பூசா-44 ரகத்தைக் கைவிட்டு, அதைவிட ஒரு மாதம் முன்பே முதிரும் பி.ஆர்.-126 போன்ற ரகங்களைப் பயிரிடச் செய்வதே இரு தரப்புக்கும் விடையாகும். அப்படிச் செய்யும்போது அந்த ரகத்தில் அரிசி அதிகம் நொறுங்குகிறது என்று ஆலைக்காரர்கள் விலையைக் குறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அரசின் கடமை. தில்லி அரசோ 2025 அக்டோபர் 28-இல் விமானம் ஏற்றி மேகத்தில் உப்பைத் தூவியது. மழை வரவில்லை. ஈரமில்லாத மேகம் எதைப் பொழியும்?

இனி, கணிப்பு வயலுக்குப் போய்ச் சேரும் வழியைப் பார்ப்போம். இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருந்தச் செய்வது இதுதான். 2018 முதல் 199 மாவட்டங்களில், வேளாண் அறிவியல் நிலையங்களோடு இணைத்து, மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், கணிப்பை வட்டார மொழியில் எழுதி, இந்த ஐந்து நாள்கள் மருந்து தெளிக்காதே, இன்னும் நான்கு நாள்கள் அறுவடையை நிறுத்து என்று விவசாயிக்குச் சொல்வது அவற்றின் வேலை. தகவலைத் தானியங்கி முறையில் திரட்டிவிடலாம், ஆள்கள் தேவையில்லை என்ற கருத்து நீதி ஆயோகில் எழுந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சுக்குள் அந்தப் பிரிவுகள் மூடப்பட்டன. ஒப்பந்த ஊழியர்களாக இருந்த இளம் வேளாண் பட்டதாரிகள் வீடு திரும்பினர்.

அதே ஆண்டு செப்டம்பரில் 2,000 கோடி ரூபாய்ச் செலவில் "மிஷன் மௌசம்" என்னும் வானிலைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அக்டோபரில் கிராம ஊராட்சி அளவிலான கணிப்பு தொடங்கப்பட்டது. 2025 மே மாதம், ஆறு கிலோமீட்டர் நுணுக்கத்துடன் கணிக்கும் "பாரத் முன்கணிப்பு அமைப்பு" அர்ப்பணிக்கப்பட்டது. உலகில் எந்த நாடும் இத்தகைய நுணுக்கத்தில் அன்றாடக் கணிப்பு வெளியிடுவதில்லை என்று அரசு பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டிய சாதனையே. ஆனால் ஊராட்சி அலுவலகக் கணினித் திரையில் மழை வாய்ப்பு இத்தனை சதவீதம், காற்றின் வேகம் இவ்வளவு என்று ஓடும் எண்களைப் பார்த்து, உன் பாஸ்மதியை இன்று அறுக்காதே என்று சொல்ல ஆள் வேண்டாமா? கணிப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோன அதே ஆண்டில் அதை விளக்கிச் சொல்லும் மனிதரை வெளியேற்றிய முரணை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வேளாண் பல்கலைக்கழகங்களில் உள்ள 130 பிரிவுகள் தொடர்கின்றன என்பது மறுமொழி. ஒரு பிரிவுக்கு எத்தனை மாவட்டம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த மறுமொழியின் எடை தெரியும்.

199 பிரிவுகளுக்கு ஆகும் ஊதியச் செலவு, 2,000 கோடித் திட்டத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அவற்றை மீண்டும் திறப்பது முதல் வேலை. செப்டம்பர் கணிப்பு வெளியாகும் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் உணவு, வேளாண்மை, நீர்வளம் ஆகிய மூன்று அமைச்சகங்களும் சம்பந்தப்பட்ட மாநிலங்களும் கூடி, கொள்முதல் தேதி, ஈரப்பத வரம்பு, அணையில் விட வேண்டிய காலியிடம் ஆகிய மூன்றையும் அறிவிப்பது அடுத்தது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

கேட்க வேண்டியவர்கள் அவையில் இல்லை என்பது இன்னொரு சங்கடம். நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் 2025-இல் ஆகஸ்ட் 21-ஆம் தேதி முடிந்தது. குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 1-இல் தொடங்கியது. பஞ்சாப் மூழ்கியதும், யமுனை பெருகியதும், மண்டியில் நெல் நனைந்ததும், தில்லியைப் புகை சூழ்ந்ததும் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான். அவை கூடாத காலத்திலும் நிலைக்குழு கூடலாம். வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு செப்டம்பர் முதல் வாரத்தில் வானிலைத் துறைத் தலைவரையும் உணவுக் கழகத் தலைவரையும் பக்ரா பியாஸ் வாரியத் தலைவரையும் ஒரே அறையில் அழைத்து உட்காரவைக்க விதிகளில் தடை ஏதுமில்லை. பஞ்சாப், ஹரியாணா உறுப்பினர்கள் அதைக் கோரிக் கடிதம் கொடுக்கலாம். தஞ்சை, நாகை உறுப்பினர்களும் அதில் கையொப்பமிடலாம்.